பயனர் கணக்குகளும் கோப்பு அனுமதிகளும்

பயனர் கணக்கு என்பது ஒரு கணினியைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரையும் இயங்குதளம் தனித்தனியே அடையாளம் காண உதவும் பதிவு ஆகும். எந்தக் கணக்கு எந்தக் கோப்பைப் படிக்கலாம், எதை மாற்றலாம், எதை இயக்கலாம் என்று வரையறுக்கும் விதிகள் கோப்பு அனுமதிகள் எனப்படும். இவ்விரண்டும் சேர்ந்தே ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்வதையும், ஒருவர் செய்த தவறு மற்றவரின் கோப்புகளையோ கணினி முழுவதையுமோ கெடுக்காமல் இருப்பதையும் இயலச் செய்கின்றன.

தமிழ்நாட்டில் பல வீடுகளில் கணினி தனி ஒருவருடைய பொருளாக இருப்பதில்லை. தந்தையின் கணக்கு வழக்கு, மகளின் கல்லூரி ஆய்வறிக்கை, மகனின் விளையாட்டு, குடும்பத்தினரின் அடையாளச் சான்றுகளின் படிகள் ஆகிய அனைத்தும் ஒரே வன்தட்டில் இருக்கும். எல்லோரும் முழு உரிமை கொண்ட ஒரே கணக்கில் புகுந்தால், இணையத்திலிருந்து இறக்கிய ஒரு விளையாட்டுடன் வந்த தீநிரல் இவை அனைத்தையும் தொட முடியும். இதைத் தவிர்க்க, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு அமைப்பதும், அன்றாடக் கணக்கிலிருந்து நிர்வாக உரிமையை நீக்குவதும் கூடுதல் செலவில்லாத முதன்மையான பாதுகாப்பு முறைகள் ஆகும்.

அடிப்படைக் கருத்துகள்

இயங்குதளம் ஒரு பயனரை ஏற்றுக்கொள்வதில் இரண்டு படிநிலைகள் உள்ளன. முதலாவது, கணினி முன் அமர்ந்திருப்பவர் தாம் கூறும் நபர்தானா என்று உறுதிசெய்தல். கடவுச்சொல், கைவிரல் ரேகை போன்றவை இதற்குப் பயன்படுகின்றன. இரண்டாவது, அந்த நபர் கேட்கும் செயலுக்கு உரிமை உள்ளதா என்று சரிபார்த்தல். முதலாவது புகும்போது ஒரு முறை நிகழ்கிறது. இரண்டாவது, ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும்போது நிகழ்கிறது.

கணக்குகள் பொதுவாக இரு வகைப்படும்.

நிர்வாகி கணக்கு: மென்பொருள் நிறுவுதல், இயங்குதளக் கோப்புகளை மாற்றுதல், பிற கணக்குகளை உருவாக்குதல் அல்லது நீக்குதல் முதலியவற்றைச் செய்ய வல்லது. யுனிக்சு வழிவந்த இயங்குதளங்களில் இதன் உச்ச வடிவம் 'ரூட்' எனப்படும்.

பொதுக் கணக்கு: தனது கோப்புறைக்குள் விரும்பியதைச் செய்யலாம், அதற்கு வெளியே பெரும்பாலும் படிக்க மட்டுமே இயலும். விண்டோசு எக்சுபியில் இது வரையறுக்கப்பட்ட கணக்கு என்று அழைக்கப்பட்டது.

ஒரு நிரலுக்கோ பயனருக்கோ அதன் பணிக்குத் தேவையான அளவுக்கு மேல் உரிமை வழங்கக் கூடாது என்பது குறைந்தபட்ச உரிமைக் கோட்பாடு ஆகும். செரோம் சால்ட்சர், மைக்கேல் சுரோடர் ஆகியோர் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட கணினிப் பாதுகாப்புக் கட்டுரை இக்கோட்பாட்டை விளக்கும் முதன்மையான ஆவணங்களுள் ஒன்று.

செயற்படும் முறை

ஒரு பயனர் தொடங்கும் நிரல் அந்தப் பயனரின் உரிமைகளைப் பெற்றே இயங்குகிறது. இதுவே இம்முறையின் அடிப்படை. உலாவியைத் தொடங்கியவர் நிர்வாகி எனில் உலாவிக்கும் நிர்வாக உரிமை கிடைக்கலாம்; அந்த உலாவியின் ஓட்டையின் வழியே நுழையும் தீநிரலுக்கும் அதே உரிமை கிடைக்கும். தீநிரல் தனக்கென்று ஓர் உரிமையைக் கொண்டுவருவதில்லை. தன்னை இயக்கியவரின் உரிமையையே அது முதலில் பெறுகிறது.

யுனிக்சு, லினக்சு ஆகியவற்றில் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண் உண்டு. ரூட் கணக்கின் எண் 0 ஆகும். ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளரும் ஒரு குழுவும் உள்ளனர். உரிமையாளர், குழு, ஏனையோர் என்னும் மூவருக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் ஆகிய மூன்று அனுமதிகள் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என்று மதிப்பிட்டு, அவற்றைக் கூட்டி மூன்று இலக்க எண்ணாக எழுதுவது வழக்கம். எடுத்துக்காட்டாக, 640 என்பது உரிமையாளர் படிக்கவும் எழுதவும் (4+2), குழுவினர் படிக்க மட்டும் (4), ஏனையோர் எதுவும் செய்ய இயலாதவாறும் (0) அமைந்த கோப்பைக் குறிக்கும். வீட்டுக் கணினியில் மகளின் கோப்புறைக்கு 700 என்னும் அனுமதி அளிக்கப்பட்டால், தம்பியின் கணக்கிலிருந்து அதைத் திறக்க இயலாது.

விண்டோசின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒவ்வொரு கோப்புடனும் ஓர் அனுமதிப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. யாருக்கு எது அனுமதி, யாருக்கு எது மறுப்பு என்பது அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். கோப்புறைக்கு அளித்த அனுமதி பொதுவாக அதனுள் உள்ள கோப்புகளுக்கும் இறங்கும். பென் டிரைவ்களில் பரவலாகப் பயன்படும் ஃபேட்32 முறைமையில் இத்தகைய பட்டியல் இல்லை. எனவே பென் டிரைவில் உள்ள கோப்புக்குக் கணக்கின் வழியே காப்பு அளிக்க இயலாது.

வரலாறு

பகிர்ந்த கணினிகள்

கணக்குகள் தோன்றியது வறுமையால் என்று கூறலாம். 1960களில் கணினி மிகுந்த விலையுடையதாக இருந்ததால், ஒரே கணினியின் நேரத்தைப் பலருக்குப் பங்கிட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்படோ தலைமையில் உருவான சிடிஎசுஎசு என்னும் முறைமை 1961ஆம் ஆண்டில் செய்து காட்டப்பட்டது. ஒவ்வொருவரின் கோப்புகளையும் நேரப் பங்கையும் பிரித்துவைக்க அதில் கடவுச்சொற்கள் பயன்பட்டன.

கடவுச்சொல்லின் குறைகளும் அங்கேயே வெளிப்பட்டன. தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாத ஆலன் செர் என்னும் ஆய்வு மாணவர் 1962ஆம் ஆண்டில் கடவுச்சொற் கோப்பையே அச்சிட்டு எடுத்தார். 1960களின் நடுப்பகுதியில் நேர்ந்த மற்றொரு பிழையில், அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக அனைவரின் கடவுச்சொற்களும் கணினியில் புகுந்த ஒவ்வொருவருக்கும் காட்டப்பட்டன. கடவுச்சொல்லை உள்ளபடியே சேமிக்காமல், மீட்க இயலாத வடிவமாக மாற்றிச் சேமிக்கும் இக்கால வழக்கத்தின் தேவையை இந்நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யுனிக்சு, கோப்பு உரிமையாளர், அனுமதி ஆகிய கருத்துகளைத் தொடக்க காலத்திலேயே கொண்டிருந்தது. பொதுப் பயனர் ஒருவர் குறிப்பிட்ட ஒரு நிரலை மட்டும் வேறொருவரின் உரிமையுடன் இயக்குவதற்கான முறைக்கு டென்னிசு ரிட்சி 1979ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். பயனர் தம் கடவுச்சொல்லைத் தாமே மாற்ற இயல்வது இத்தகைய முறையினாலேயே ஆகும்.

தனியாள் கணினிகள்

1981ஆம் ஆண்டில் வெளியான எம்எசு-டாசு ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கணினிக்கென்று எழுதப்பட்டது. அதில் கணக்குகளோ அனுமதிகளோ இல்லை. விண்டோசு 95, 98 ஆகியவற்றில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் சாளரம் இருந்தபோதிலும், அதனை நீக்கிவிட்டு உள்ளே செல்ல இயன்றது. அச்சாளரம் கதவாக அன்றி, ஒவ்வொருவரின் திரை அமைப்பை நினைவில் வைக்கும் வசதியாகவே இருந்தது.

1993ஆம் ஆண்டில் வெளியான விண்டோசு என்டி முழுமையான அனுமதி முறையைக் கொண்டிருந்தாலும், அது அலுவலகங்களுக்கே உரியதாக இருந்தது. 2001ஆம் ஆண்டின் விண்டோசு எக்சுபி அம்முறையை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. எனினும் நிறுவும்போது உருவாக்கப்பட்ட கணக்குகள் நிர்வாகி கணக்குகளாகவே அமைந்தன. பல மென்பொருள்கள் வரையறுக்கப்பட்ட கணக்கில் சரியாக இயங்கவும் இல்லை. இதனால் பூட்டு இருந்தும் பூட்டப்படாத வீடுகளாகவே எக்சுபி கணினிகள் பல இருந்தன.

2001ஆம் ஆண்டின் மாக் ஓஎசு எக்சு, 2004ஆம் ஆண்டின் உபுண்டு ஆகியவை ரூட் கணக்கை இயல்பாகவே முடக்கிவைத்து, தேவைப்படும் செயலுக்கு மட்டும் கடவுச்சொல் கேட்டு உரிமையை உயர்த்தின. 2007ஆம் ஆண்டில் வெளியான விண்டோசு விசுட்டா, பயனர் கணக்குக் கட்டுப்பாடு என்னும் வசதியின் மூலம் இதே வழிக்கு வந்தது.

மதுரை வட்டாரத்தில் பகிர்ந்த கணினிகள்

மேலூர் ஊரக இணைய மையங்கள்

மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டாரம் கணினிப் பகிர்வுக்கு நன்கு அறியப்பட்ட ஓர் எடுத்துக்காட்டாகும். சென்னை இந்திய தொழில்நுட்பக் கழகம், அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகம், மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகம் ஆகியவற்றின் பங்கேற்புடன் 'சாரி' என்னும் திட்டம் 2001ஆம் ஆண்டில் இங்கு தொடங்கப்பட்டது. அசோக் சுன்சுன்வாலா தலைமையிலான சென்னைக் குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தின் வழியே ஊர்களுக்கு இணைப்பு வழங்கப்பட்டது. உள்ளூர்த் தொழில்முனைவோர் கணினி மையங்களை நடத்தினர். மின்னஞ்சல், கணினிப் பயிற்சி, வட்டாட்சியர் அலுவலகத்திற்குச் சான்றிதழ் விண்ணப்பம் அனுப்புதல், கண்ணின் படத்தை எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெறுதல் முதலிய சேவைகள் இம்மையங்களில் அளிக்கப்பட்டன.

இத்தகைய மையத்தில் ஓர் ஊரின் வருமான, சாதிச் சான்றிதழ் விண்ணப்பங்களும் நோயாளிகளின் படங்களும் ஒரே கணினியின் வழியே செல்கின்றன. அவற்றைப் பிரித்துவைப்பது மைய நடத்துநரின் நேர்மையைப் போலவே கணினியின் கணக்கு அமைப்பையும் பொறுத்தது. நடத்துநரின் கோப்புகள் ஒரு கணக்கிலும், பயிற்சிக்கு வரும் மாணவர்களின் பணி மற்றொரு பொதுக் கணக்கிலும் இருப்பின், மாணவர் ஒருவர் தவறுதலாகக்கூட ஊராரின் விண்ணப்பத்தைத் திறக்க இயலாது.

தமிழ் எழுத்துருக்களும் நிர்வாக உரிமையும்

2000களில் தமிழ்ப் பயனர்கள் நிர்வாகி கணக்கிலேயே பணியாற்றியதற்குத் தமிழ் சார்ந்த ஒரு காரணமும் இருந்தது. ஒருங்குறி பரவும் முன்னர், தமிழ்நாடு அரசு 1999ஆம் ஆண்டில் ஏற்ற டேப், டேம் குறியேற்றங்களும், திசுக்கி குறியேற்றமும், வெவ்வேறு நிறுவனங்களின் தனிக் குறியேற்றங்களும் ஒருங்கே புழங்கின. ஒவ்வொன்றுக்கும் உரிய எழுத்துருவை நிறுவினால்தான் கோப்பைப் படிக்க இயலும். விண்டோசு எக்சுபியில் எழுத்துரு நிறுவவும், ஒருங்குறித் தமிழைச் சரியாகக் காட்டும் வசதியை இயக்கவும், இ-கலப்பை போன்ற தட்டச்சு மென்பொருளை நிறுவவும் நிர்வாக உரிமை தேவைப்பட்டது. இதனால் தமிழில் எழுத விரும்பியவருக்கு வரையறுக்கப்பட்ட கணக்கு ஓர் இடையூறாகத் தோன்றியது.

பின்னர் வந்த விண்டோசு பதிப்புகளில் ஒருங்குறித் தமிழ் இயல்பாகவே இயங்குகிறது. விண்டோசு 10இன் பிற்காலப் பதிப்புகள் முதல், ஒருவர் தம் கணக்குக்கு மட்டும் நிர்வாகியின் உதவியின்றி எழுத்துரு நிறுவவும் இயல்கிறது. ஆகவே இக்காரணம் மறைந்துவிட்டது. பழக்கம் மட்டும் பல வீடுகளில் எஞ்சியுள்ளது.

பென் டிரைவ் வழித் தொற்று

ஆய்வறிக்கையைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று டிடிபி கடையில் அச்சிடுவது மாணவர்களின் வழக்கம். மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று எவ்வூராயினும், பலரின் பென் டிரைவ்கள் ஒரே கணினியில் செருகப்படுவதால் தொற்று பரவுவது எளிதாகிறது. 2008ஆம் ஆண்டு நவம்பரில் கண்டறியப்பட்ட கான்ஃபிக்கர் என்னும் தீநிரல், விண்டோசின் வலையமைப்பு ஓட்டை, பென் டிரைவின் தானியங்கி வசதி, எளிதில் ஊகிக்கத்தக்க நிர்வாகிக் கடவுச்சொற்கள் ஆகிய மூன்று வழிகளிலும் பரவியது. அந்த ஓட்டையை அடைக்கும் இற்றைப்படுத்தலை மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்தைய மாதமே வெளியிட்டிருந்தது. பழைய விண்டோசு பதிப்புகளில் பென் டிரைவின் தானியங்கி வசதியைக் கட்டுப்படுத்தும் இற்றைப்படுத்தல் 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் பரவலாக வழங்கப்பட்டது.

அரசு வழங்கிய மடிக்கணினிகள்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. பல குடும்பங்களில் வீட்டிற்கு வந்த முதற் கணினி இதுவே. முதற்கட்டக் கணினிகளில் விண்டோசு 7 சுட்டார்ட்டர் பதிப்பும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் ஒருங்கே நிறுவப்பட்டிருந்தன.

மாணவர் பெயரில் வந்தாலும் வீட்டில் அனைவரும் அதனைப் பயன்படுத்தினர். விண்டோசு 7 சுட்டார்ட்டர் பதிப்பில் தனிக் கணக்குகள் அமைக்க இயலும். ஆனால் ஒருவர் வெளியேறாமல் மற்றவர் விரைந்து மாறிக்கொள்ளும் வசதி அதில் இல்லை. இத்தகைய சிறு இடையூறே ஒரே கணக்கை அனைவரும் பகிரப் போதுமான காரணமாகிவிடுகிறது. விண்டோசு 7க்கான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2020ஆம் ஆண்டு சனவரி 14 அன்று நிறைவடைந்தன. ஆகவே அக்கணினிகளை அதே பதிப்புடன் இணையத்தில் இணைப்பது பாதுகாப்பானது அன்று.

வீட்டுக் கணினியில் அமைக்கும் முறை

விண்டோசில் முதலில் உருவாக்கப்படும் கணக்கு நிர்வாகி கணக்காகவே அமைகிறது. அதனை மாற்றும்போது வரிசை முக்கியமானது.

1. அமைப்புகளில் 'கணக்குகள்' பகுதிக்குச் சென்று புதிய கணக்கு ஒன்றை உருவாக்கி, அதனை நிர்வாகி வகைக்கு மாற்றி, வலுவான கடவுச்சொல் அளிக்க வேண்டும். இக்கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பீரோவில் வைப்பது மறந்துவிடுவதைவிட மேலானது.

2. வெளியேறி, புதிய நிர்வாகி கணக்கில் ஒரு முறை புகுந்து அது இயங்குவதை உறுதிசெய்ய வேண்டும்.

3. அங்கிருந்து, அன்றாடம் பயன்படுத்தும் பழைய கணக்கைப் பொதுக் கணக்காக மாற்ற வேண்டும். கோப்புகளும் திரை அமைப்பும் மாறாமல் இருக்கும்.

4. வீட்டிலுள்ள ஏனையோருக்கு ஒவ்வொரு பொதுக் கணக்கை உருவாக்க வேண்டும்.

5. அனைவரும் காண வேண்டிய புகைப்படம் முதலியவற்றைப் பொதுக் கோப்புறையில் வைக்கலாம்.

இதன் பின்னர் மென்பொருள் நிறுவ முற்படும்போது நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கப்படும். நிர்வாகி கணக்கில் பணியாற்றுபவரிடம் கடவுச்சொல் கேட்கப்படாமல் 'ஆம்', 'இல்லை' என்ற பொத்தான்கள் மட்டுமே காட்டப்படும். 'ஆம்' என்பதைப் படிக்காமல் அழுத்தும் பழக்கம் எளிதில் உண்டாகும். கடவுச்சொல் தட்டச்சிட வேண்டிய நிலை ஒரு கணம் நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது. தாம் எதையும் நிறுவாதபோது இச்சாளரம் தோன்றினால் 'இல்லை' என்பதே சரியான விடை.

லினக்சில் முதற் பயனருக்குப் பொதுவாக 'சூடோ' என்னும் கட்டளையின் வழியே உரிமையை உயர்த்தும் தகுதி உண்டு. ஏனையோருக்கு அத்தகுதி அளிக்காமல் கணக்கு உருவாக்கினால் போதுமானது.

எல்லைகள்

கணக்குப் பிரிப்பு அனைத்துத் தீமைகளையும் தடுப்பதில்லை.

சொந்தக் கோப்புகள்: பயனரின் கோப்புகளை மாற்றும் உரிமை அவர் இயக்கும் நிரலுக்கும் உண்டு. எனவே கோப்புகளை மறையீடு செய்து பணம் கேட்கும் பிணைத்தொகைத் தீநிரல், நிர்வாக உரிமை இன்றியே ஒருவரின் ஆய்வறிக்கையைப் பூட்டிவிட முடியும். கணக்குப் பிரிப்பு இழப்பை ஒருவருடன் நிறுத்துகிறது. அந்த ஒருவரைக் காப்பது கணினியிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட காப்புப் படி மட்டுமே.

இயங்குதள ஓட்டைகள்: ஓட்டையின் வழியே நுழையும் தீநிரல் பயனரின் உரிமையைத் தாண்டலாம். 2017ஆம் ஆண்டு மே மாதம் பரவிய வான்னாகிரை, விண்டோசின் கோப்புப் பகிர்வுச் சேவையின் ஓட்டையைப் பயன்படுத்தியதால் பயனரின் கணக்கு வகை அதற்குத் தடையாகவில்லை. ஆந்திர மாநிலக் காவல்துறைக் கணினிகள் சிலவும் பாதிக்கப்பட்டன. அதற்கான இற்றைப்படுத்தல் அதே ஆண்டு மார்ச்சில் வெளியாகியிருந்தது. விண்டோசு 10க்கான இயல்பான ஆதரவும் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது.

வேறு இயங்குதளம்: அனுமதிகளை நடைமுறைப்படுத்துவது இயங்கிக்கொண்டிருக்கும் இயங்குதளமே. இரண்டு இயங்குதளங்கள் கொண்ட மடிக்கணினியை லினக்சில் தொடங்குபவர், விண்டோசின் வன்தட்டுப் பிரிவைத் திறந்து அங்குள்ள அனைவரின் கோப்புகளையும் படிக்க இயலும். விண்டோசின் அனுமதிப் பட்டியல் அங்கு பொருட்படுத்தப்படுவதில்லை. கணினி களவுபோனாலும் இதே நிலைதான். இதற்குத் தீர்வு வன்தட்டை மறையீடு செய்வதாகும். ஆனால் மறையீட்டின் திறவுகோலைத் தொலைத்தால் உரியவராலும் கோப்புகளை மீட்க இயலாது.

பகிரப்பட்ட கடவுச்சொல்: தனிக் கணக்குகள் இருந்தும் அனைவரும் ஒருவரின் கடவுச்சொல்லை அறிந்திருந்தால் பிரிப்பு பயனற்றதாகிறது. உலாவியில் சேமிக்கப்பட்ட வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களும் அந்தக் கணக்கிற்குள் புகுந்தவருக்குக் கிடைத்துவிடுகின்றன.

கைப்பேசிகளில்

2008ஆம் ஆண்டு முதல் கைப்பேசிகளில் வெளிவந்த ஆண்ட்ராய்டு, லினக்சின் கணக்கு எண்களை வேறொரு வகையில் பயன்படுத்துகிறது. அங்கு பொதுவாக ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி எண் அளிக்கப்படுகிறது. ஒரு செயலி மற்றொன்றின் கோப்புகளைப் படிக்க இயலாது. 2015ஆம் ஆண்டில் வெளியான ஆண்ட்ராய்டு 6.0 முதல், தொடர்புகள், ஒலிவாங்கி, இருப்பிடம் முதலியவற்றுக்கான அனுமதியைச் செயலி பயன்படுத்தும்போதே கேட்க வேண்டும். பல வீடுகளில் கைப்பேசியே கணினியாகிவிட்ட நிலையில், அந்தச் சிறு சாளரத்திற்குப் பயனர் அளிக்கும் விடையே குறைந்தபட்ச உரிமைக் கோட்பாட்டின் நடைமுறை வடிவம் ஆகும்.

சட்டம்

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இத்துறையை ஆள்கிறது. உரியவரின் அனுமதியின்றி ஒரு கணினியை அணுகுவது இதன் 43ஆம் பிரிவின் கீழ் வருகிறது. 2008ஆம் ஆண்டின் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு 2009ஆம் ஆண்டு அக்டோபர் 27 முதல் நடைமுறையில் உள்ள 66சி பிரிவு, பிறரின் கடவுச்சொல்லை ஏமாற்றும் நோக்குடன் பயன்படுத்துவோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. கணக்கு ஒருவரின் பெயரில் இருப்பதால், அதன்வழி நிகழும் செயல் முதலில் அவருடையதாகவே கருதப்படக்கூடும். தனிக் கணக்கு வைத்திருப்பது கோப்புகளை மட்டுமன்றி, உரியவரின் பெயரையும் காக்கிறது.